அலுமாரிக்குள் அடங்காத பொயிலர்

ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், இல்ஃபர்ட் பக்கங்களில் நூறு வருடப் பழைய வரிசை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



லண்டனில் ஏராளமான குசினிகளில் தொங்கும் சிறிய கொம்பி பொயிலர்களில் ஒன்று ஐடியல் லொஜிக். அதன் உயரம் 700 மில்லிமீற்றர், அகலம் 395, ஆழம் 278. இந்த நாட்டில் குசினிச் சுவரில் மாட்டும் வழமையான அலுமாரியின் உயரம் 720, ஆழம் 300. அகலம் 400, 500, 600 என்று வரும். தாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 400 அகல அலுமாரிக்குள் பொயிலர் அளவெடுத்துத் தைத்ததுபோல் நுழைந்துவிடும் என்றுதான் தோன்றும். நுழையாது. அலுமாரியின் பக்கப் பலகை ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் தடிப்பு. இரண்டையும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 364. உயரத்திலும் அப்படியே, மேல் பலகையும் கீழ்ப் பலகையும் போக 684. பழைய பொயிலரைக் கழற்றிவிட்டு, குளிரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புதுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி இந்தக் கணக்கைப் போடுவது நல்ல நேரமல்ல.

இந்த மடல் அதற்கு முன்னால் படிக்க வேண்டியது. பொயிலர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆனால் வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது, போன மார்கழியில் இரண்டு தடவை நின்று நின்று எரிந்தது என்ற நிலையில் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். நின்றுபோன பிறகு வீட்டுக்காரர் தெரிவு செய்வதில்லை. யார் நாளைக்கே வருகிறாரோ, அவருடைய வானுக்குள் என்ன இருக்கிறதோ, அதுதான் அடுத்த பதினைந்து வருடத்துக்கும்.

இடம் ஏன் இவ்வளவு நெருக்கடியாகிறது என்பதற்கு இந்த வீடுகளின் வரலாறே விடை. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. அறைக்கொரு நிலக்கரி அடுப்பு, அதற்கொரு புகைபோக்கி. தண்ணீரைச் சுடவைத்து வீடு முழுக்கச் சுற்றவிடும் ஏற்பாடு கட்டியவர்களின் மனதிலேயே இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில்கூட பிரித்தானிய வீடுகளில் பாதிக்கு மேல் மைய வெப்ப வசதி இல்லாமல்தான் இருந்தன. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதையும் வட கடல் இயற்கை வாயுவுக்கு மாற்றிய பிறகுதான் காஸ் பொயிலர் வீட்டுப் பொருளானது. அப்போது பல வீடுகளில் அதைப் பழைய அடுப்பு மாடத்துக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். அதுதான் பாக் பொயிலர். மேல்மாடி அலுமாரி ஒன்றில் செம்புச் சிலிண்டர், கூரைக்குள் தண்ணீர்த் தொட்டி என்று அது வீட்டின் மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டது.

கொம்பி வந்ததும் இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் சுருங்கின. சிலிண்டர் நின்ற அலுமாரி விடுதலையானது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்த அலுமாரி சும்மா கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. அரிசி மூட்டைக்கோ சாமிப் படங்களுக்கோ உடனே போய்விட்டது. இப்போது பொயிலரை அங்கே நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் வீட்டில் ஒரு பொதுக்கூட்டம் நடத்தவேண்டும்.

சரி, அலுமாரிக் கணக்குக்குத் திரும்பலாம். 395 அகலப் பொயிலரை மறைக்க 500 அகல அலுமாரி வேண்டும். அதன் மேல், கீழ், பின் பலகைகளை எடுத்துவிடவேண்டும். மிஞ்சுவது உண்மையில் அலுமாரியல்ல, கதவு வைத்த ஒரு மறைப்பு. அதில் தவறொன்றும் இல்லை. ஜெர்மன் நிறுவனமான வைலன்ற்றின் இக்கோரெக் பிளஸ் போன்றவை 440 அகலம், ஆழம் 330க்கு மேல். அவற்றையும் 500 அலுமாரிக்குள் அகலத்தில் அடக்கலாம். ஆனால் முன்புறம் துருத்தும், கதவு மூடாது. ஆக, சந்தையில் உள்ள பெட்டிகளுக்கிடையே பெரிய வித்தியாசம் ஆழத்தில்தான். உயரத்தில் அநேகமாக எல்லாம் 700ஐச் சுற்றியே நிற்கின்றன.

பெட்டியின் அளவு பாதிக் கதைதான். பெட்டிக்கு மேலே புகைக்குழாய் திரும்பும் முழங்கை இருக்கிறது. 60க்கு 100 என்று சொல்லும் இரட்டைக் குழாய் அது. உள்குழாய் வழியே எரிந்த வாயு வெளியே போகும், வெளிக்குழாய் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வரும். அந்த முழங்கைக்குப் பெட்டியின் தலைக்கு மேல் ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் தேவை. அதற்குப் பிறகும் குழாய் பொயிலரை நோக்கிச் சற்றுச் சரிந்து வரவேண்டும், குழாய்க்குள் குளிர்ந்து உருவாகும் தண்ணீர் திரும்பி உள்ளே வடிவதற்காக. பெட்டிக்குக் கீழே இன்னொரு 150 அல்லது 200. அங்கேதான் காஸ் குழாய், குளிர்நீர், சுடுநீர், ரேடியேற்றருக்குப் போகும் வரும் குழாய்கள், வடிநீர்க் குழாய், அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வின் குழாய் எல்லாம் வந்து முட்டுகின்றன. பத்தாததற்குத் துருவைப் பிடிக்கும் காந்த வடிகட்டியும் அங்கேதான். 700 பெட்டி சுவரில் 1,050 ஆகிவிட்டது. விளம்பரத் தாளில் இந்த 1,050 கொட்டை எழுத்தில் வருவதில்லை. பொருத்தும் முறையைச் சொல்லும் கையேட்டில் இடைவெளிப் படம் ஒன்று இருக்கும். கையேடுகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலைப்பட்டியலுக்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பவர் அரைவாசி வேலையை முடித்துவிட்டார்.

அந்த அழுத்த வால்வின் குழாயைப் பற்றி ஒரு சொல். மூடிய அமைப்பில் தண்ணீர் அழுத்தம் 3 பாரைத் தாண்டினால் வால்வு திறந்து கொதிநீரை வெளியே விடும். அந்தக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், யாருடைய தலையிலும் படாதபடி சுவரை நோக்கி வளைந்து நிற்கவேண்டும். பழைய பாக் பொயிலரோ கூரைத் தொட்டி வைத்த அமைப்போ இருந்த வீட்டில் இந்தக் குழாயே இருந்திராது. பொயிலரை வீட்டின் நடுப்பகுதி அலுமாரி ஒன்றுக்குள் ‘அழகாக’ வைத்துவிட்டு, இதை எங்கே கொண்டுபோவது என்று பிறகு முழிப்பது வழமையாக நடக்கிற கூத்து.

வெளியே போகும் புகைக்குழாய்தான் இந்த விடயத்தில் உண்மையான எசமான். பொயிலரின் இடத்தை அது தீர்மானிக்கிறது. குசினியில் எந்த மூலை காலி என்பது இரண்டாவது கேள்வி. இங்கிலாந்தின் கட்டட விதிகள், விசிறி வைத்த பொயிலரின் குழாய் வாய்க்குச் சில தூரங்களைச் சொல்கின்றன. திறக்கக்கூடிய யன்னலிலிருந்து 300 மில்லிமீற்றர். நிலத்திலிருந்து 300. எதிரே சுவரோ காணி எல்லையோ இருந்தால் 600. எதிரே இன்னொரு வீட்டுப் பொயிலரின் குழாய் வாய் இருந்தால் 1,200. தயாரிப்பாளரின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதுவே செல்லும்.

இந்த எண்களை ஒரு வரிசை வீட்டில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் தெரு. பின்பக்கம் நீண்டு போகும் குசினிப் பகுதிக்கும் பக்கத்து வேலிக்கும் இடையில் ஒடுங்கிய சந்து. முன்பு பொயிலர் அந்தச் சந்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 2005 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாகப் பூட்டும் காஸ் பொயிலர்கள் அநேகமாக எல்லாமே கொண்டென்சிங் வகை. புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிழிந்தெடுப்பவை. அவற்றின் மூச்சு வெண்ணிற ஆவியாகத் தெரியும். பழைய பொயிலரின் புகை சூடாகக் கண்ணுக்குத் தெரியாமல் மேலேறிப் போனது. புதியது குளிர் காலம் முழுவதும் பக்கத்து வீட்டுக் குசினி யன்னலுக்கு முன்னால் மேகமாக நிற்கும். சட்டப்படி சரியாக இருந்தாலும் பக்கத்து வீட்டோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகலாம். ஆவியை மேலே கொண்டுபோய் வேறு திசையில் திருப்பிவிடும் நீட்டுக் குழாய் விற்கிறார்கள். அதை விலைக்கூற்றிலேயே சேர்த்துக் கேட்கவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகல்ல.

இனி, எங்கள் வீடுகளுக்கென்றே உள்ள ஒரு விசேஷம். மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் பின்பக்கம் பத்தி இறக்கி, மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு, இரண்டாவது அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஊர் நினைப்பும் உண்டு, தேவையும் உண்டு. குசினிச் சுவரில் தாளித்த மணம் மூன்று நாள் நிற்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தப் பத்தி இறங்கிய சுவரில்தான் பொயிலரின் குழாய் வாயும் இருக்கிறதென்றால், அது இடநெருக்கடிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. பக்கங்கள் மூடிய பத்திக்குள் புகை விடப்படக் கூடாது. சரியாக எரியாத பொயிலரிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பத்தியில் நின்று சமைப்பவருக்கும், பத்தியைப் பார்த்துத் திறந்த குசினி யன்னல் வழியாக வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் அது தெரியாது. பத்தி பொயிலருக்குப் பிறகு வந்ததென்றால், முதலில் பொயிலரைப் பூட்டியவர் பிழை விடவில்லை, பத்தி இறக்கியவர் விட்டிருக்கிறார். யார் விட்டாலும், பொயிலர் மாற்றும் நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு பதிவு பெற்ற பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பிக்கவேண்டிய விடயம் இது ஒன்றுதான். புகை மணமோ தலைசுற்றலோ காஸ் மணமோ என்று சந்தேகம் வந்தால் 0800 111 999. இரவு பகலென்றில்லாமல் இயங்கும் தேசிய அவசர இலக்கம்.

படிக்கட்டின் கீழ் இடம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் பலர். இருக்கிறது. சிறிய பொயிலர்கள் அங்கே போகவும் கூடும். ஆனால் கூரையைத் தூக்கி மூன்றாம் மாடி அறை கட்டிய வீடா என்பதை முதலில் பாருங்கள். ஈஸ்ட்ஹாமில் அப்படிக் கட்டாத தெருவைத் தேடவேண்டும். மூன்று மாடி வீட்டில் படிக்கட்டுத்தான் தீ வந்தால் இறங்கித் தப்பும் வழி. அதனால் அதன் கீழே பொயிலர் வைக்கும் அலுமாரியின் உட்பரப்புகள் அரை மணி நேரம் தீயைத் தாங்கவேண்டும். அத்தோடு அங்கிருந்து வெளிச்சுவர் தூரம். புகைக்குழாய் நிலப்பலகைகளுக்கும் கூரைத் தட்டுக்கும் நடுவே ஓடும். குழாயின் மூட்டுகளைக் கண்ணால் பார்க்க முடியவேண்டும். மறைவான குழாய்களிலிருந்து நச்சு வாயு கசிந்து உயிரிழப்பு நேர்ந்த பிறகு 2013 ஜனவரி முதல் இதைக் கடுமையாக்கினார்கள். ஒவ்வொரு மூட்டிலிருந்தும் ஒன்றரை மீற்றருக்குள், 300க்கு 300 அளவில், திறந்து பார்க்கும் வாய் வைக்கவேண்டும். புதிதாகப் பூசிய கூரைத் தட்டில் மூன்று சதுர மூடிகள் என்றதும் பலர் படிக்கட்டை மறந்துவிடுகிறார்கள்.

குளியலறையில் வைக்கலாம். ஆனால் தொட்டி விளிம்பிலிருந்தும் மழைத்தூவியிலிருந்தும் தூரம் விடவேண்டும். மின்சார விதிகள் அந்த இடத்தை வலயங்களாகப் பிரிக்கின்றன. படுக்கையறையிலும் வைக்கலாம். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்கும் மூடிய வகையாக அது இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம், இன்றைய பொயிலர்கள் அப்படித்தான் வருகின்றன. என்றாலும் அதிகாலை ஐந்து மணிக்கு யாரோ சுடுநீர்க் குழாயைத் திறக்க, தலைமாட்டில் விசிறி எழுந்து சுழலும். பெரியவர்கள் படுக்கும் அறையென்றால் வேண்டாம்.

கூரைக்குள் வைப்பதும் ஒரு வழி. அங்கே ஏறிப் பராமரிக்க நிரந்தர ஏணி, மின்விளக்கு, பலகை போட்ட நடைபாதை, ஏறும் வாயைச் சுற்றித் தடுப்பு எல்லாம் தேவை. புகைக்குழாய் நேரே ஓட்டின் வழியே மேலே போய்விடுவதால் பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. சுவரில் மாட்ட இடம் குறைந்த, மூன்றாம் மாடி கட்டாத வீடுகளுக்கு இது பலரும் நினைப்பதைவிட நல்ல தெரிவு. வடிநீர்க் குழாயைக் குளியலறைக் கழிவுநீர்க் குழாயில் வீட்டுக்குள்ளேயே சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஏன் வீட்டுக்குள்ளேயே? 2010 டிசம்பர் நினைவிருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். அந்த மாதக் குளிரில் வெளிச்சுவரில் ஓடிய மெல்லிய வடிநீர்க் குழாய்கள் உறைந்து அடைபட்டு, ஆயிரக்கணக்கான பொயிலர்கள் மிகத் தேவையான நாளிலேயே நின்றுபோயின. வீட்டுக்குள் 22 மில்லிமீற்றர்க் குழாய் போதும். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் 32 மில்லிமீற்றருக்கு மாற்றி, தூரத்தைக் குறைத்து, காப்புறை போட்டு, சரிவோடு விடவேண்டும். அந்தக் குழாய்க்கும் இடம் வேண்டும். சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்கியவருக்கு அதற்கான இடம் குசினித் தொட்டியின் கீழேதான் கிடைக்கும். பொயிலர் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருப்பது நல்லது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வலு. இதில்தான் கூடுதலாக ஏமாற்றம் நடக்கிறது. வேண்டுமென்று ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ‘பெரிசா வைச்சா நல்லது’ என்ற நம்பிக்கை விற்பவரிடமும் இருக்கிறது, வாங்குபவரிடமும் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி யன்னலும் கூரைக் காப்பும் போட்ட நடு வரிசை வீடு ஒன்றைச் சூடாக்க, லண்டன் குளிருக்குப் பெரும்பாலும் 10 கிலோவாற்றுக்குள் போதும். பிறகேன் 24, 30, 35 என்று விற்கிறார்கள்? தண்ணீருக்காக. கொம்பியில் சேமிப்பு இல்லை, ஓடும் தண்ணீரை ஓடும்போதே சுடவைக்கிறது. குளிர் காலத்தில் 5 பாகையில் வரும் தண்ணீரைக் குளிப்பதற்கான 40 பாகைக்கு ஏற்ற, 24 கிலோவாற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9.8 லீற்றர் கிடைக்கும். 30இல் 12 லீற்றருக்குச் சற்று மேல், 35இல் 14 சொச்சம். ஒரு நல்ல மழைத்தூவிக்கே 8 முதல் 10 லீற்றர் வேண்டும். ஆகவே ஒரு குளியலறை உள்ள வீட்டுக்கு 24 முதல் 30 வரை தாராளம். ஒரு 35ஐ வாங்கி இரண்டு மழைத்தூவியை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று சொன்னால், கணக்கு உங்களுக்கு இப்போது தெரியும். ஆளுக்கு 7 லீற்றர்.

அதற்கும் முதலில், தெருவிலிருந்து வரும் தண்ணீர் அவ்வளவு இருக்கிறதா? குசினிக் குழாயை முழுக்கத் திறந்து, அளவுக் கோடு உள்ள வாளியை ஒரு நிமிடம் பிடியுங்கள். 10 லீற்றர்தான் நிரம்பினால் 35 கிலோவாற்றுப் பொயிலர் அந்த வீட்டில் 24 போலத்தான் நடந்துகொள்ளும். பழைய வீடுகளில் தெருவிலிருந்து வரும் குழாய் அரை அங்குல ஈயக் குழாயாக இருப்பது இன்றும் உண்டு. அங்கே பணத்தைப் பொயிலரில் போடுவதைவிட அந்தக் குழாயை மாற்றுவதில் போடுவது புத்தி. ஈயத்தைக் குடிக்காமல் இருக்கலாம் என்பது மேலதிக லாபம்.

காஸ் குழாயும் இதே கதைதான். பழைய பொயிலர் 12 அல்லது 15 கிலோவாற்று. 15 மில்லிமீற்றர்க் குழாய் அதற்குப் போதுமாயிருந்தது. 30 கிலோவாற்றுக் கொம்பி மணித்தியாலத்துக்கு 3 கனமீற்றருக்கு மேல் காஸ் கேட்கும். மீற்றரிலிருந்து பொயிலர் வரும் வழியில் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் விழக்கூடாது. மீற்றர் முன்கதவருகில், குசினி வீட்டின் கடைசியில் என்றால் 22 மில்லிமீற்றர்க் குழாயை வீடு முழுக்கப் புதிதாக இழுக்கவேண்டி வரும், சில இடங்களில் 28. விலைக்கூற்றில் இந்த வரி இல்லாமல் இருந்தால் மலிவாகத்தான் தெரியும்.

நீளக் குழாய் இழுக்க மனமில்லாதவருக்கு ஒரு எளிய விடை உண்டு: சிறிய வலு. ஒரு குளியலறை வீட்டில் 24 போதுமென்றால், குழாயும் சிறிது. அதோடு எவ்வளவு கீழே இறங்கி எரியும் என்றும் கேளுங்கள். சில பொயிலர்கள் 3 கிலோவாற்றுவரை தணிந்து அமைதியாக ஓடும்; சில 6, 7இலேயே நின்றுவிடும். இளவேனிலில் வீட்டுக்கு 3 போதுமான நாட்களில் இரண்டாம் வகை ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பற்றி அணைந்துகொண்டிருக்கும். காஸும் வீண், பாகங்களும் தேயும். ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75, 80 என்று விட்டுப்போகும் பழக்கமும் இருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அந்தக் கொண்டென்சிங் வித்தையே நடக்கும். 60க்குக் குறைத்துப் பாருங்கள். வீடு சூடாக இன்னும் சற்று நேரமெடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று குளியலறை, ஆறேழு பேர், காலை ஏழு மணிக்குப் பள்ளியும் வேலையும். இப்படியான வீட்டுக்குக் கொம்பியே பொருத்தமில்லாமல் இருக்கலாம். சேமிப்புச் சிலிண்டரும் அதற்கேற்ற பொயிலரும் வைத்தால் பொயிலர்ப் பெட்டி இன்னும் சிறியதாகவே அமையும். ஆனால் 210 லீற்றர்ச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது ஏறக்குறைய கால் தொன் எடை வரும். பழைய வீட்டின் நிலமரங்கள் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் மேல்மாடியில் வைக்க முடியாது. அந்த அரிசி அலுமாரியை இங்கே திருப்பிக் கேட்கவேண்டி வரும்.

சிலிண்டருக்கு இடம் விட முடிந்தவர்கள் வெப்பப் பம்பியைப் பற்றியும் விசாரித்துப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்ரோபர் முதல் அரசு மானியம் 7,500 பவுண். பின்முற்றத்தில் ஒரு வெளி இயந்திரம், உள்ளே ஒரு சிலிண்டர், சில அறைகளில் பெரிய ரேடியேற்றர் தேவைப்படும். பத்திக் குசினி ஏற்கெனவே முற்றத்தைத் தின்றுவிட்ட வீட்டில் அது சுலபமல்ல. இருக்கும் காஸ் பொயிலருக்குப் பதிலாகப் புதிய காஸ் பொயிலர் பூட்ட இன்றைக்குத் தடையும் இல்லை.

ஹை ஸ்றீற் நோர்த் போன்ற தெருக்களில் கடைகளுக்கு மேலுள்ள பிளாற்றுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு பூட்டியிருக்கும். வெளிச்சுவர் பெரும்பாலும் உங்களுடையதல்ல, கட்டட உரிமையாளருடையது. புதிய இடத்தில் 127 மில்லிமீற்றர் துளை போட எழுத்தில் அனுமதி வேண்டும். பழைய துளையையே பயன்படுத்துவதென்றால் பெட்டியின் அளவைவிடக் குழாய் எந்த உயரத்தில் வெளியேறுகிறது என்பதே தெரிவைக் கட்டுப்படுத்தும்.

லண்டன் தண்ணீர் கடினமானது. கேத்தலுக்குள் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு பொயிலருக்குள் இருக்கும் தகட்டு வெப்பமாற்றியிலும் படியும். இடநெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது சுண்ணாம்பைத் தடுக்கும் அந்தச் சிறு கருவிதான். வெட்டவிடாதீர்கள். ரேடியேற்றர்களின் பழைய கறுப்புச் சேற்றைக் கழுவாமல் புதுப் பொயிலரைப் பூட்டினால் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தைப் பிறகு கேட்க முடியாமல் போகும்.

கடைசியாக, யார் பூட்டுவது. கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் ‘தெரிஞ்ச தம்பி ஒருத்தர் செய்வார், அரை விலை’ என்று ஒரு பெயர் கிடைக்கும். அந்தத் தம்பி நல்ல வேலைக்காரராகவும் இருக்கலாம். 2009 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் காஸ் வேலை செய்பவர் காஸ் சேஃப் பதிவேட்டில் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் இருந்தது கோர்ஜி. பதிவில்லாமல் கூலிக்குப் பொயிலர் பூட்டுவது குற்றம். படம் போட்ட அட்டையைக் கேளுங்கள், பின்புறத்தைத் திருப்புங்கள். எந்தெந்தக் காஸ் வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் எழுதியிருக்கும். அடுப்புப் பூட்டத் தகுதியுள்ளவர் எல்லோரும் பொயிலருக்குத் தகுதியுள்ளவர் அல்லர். தெரிந்த தம்பியிடம் அட்டை கேட்பது மரியாதையீனம் என்று தயங்குகிறவர்கள் அவருடைய நிறுவனப் பெயரைக் காஸ் சேஃப்பின் 0800 408 5500இல் சொல்லிச் சரிபார்க்கலாம். தம்பிக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் நான்கு விடயங்கள் கையில் இருக்கவேண்டும். பொயிலருக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி. 2022 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் புதுப் பொயிலரோடு அது கட்டாயம். 2018இல் வந்த விதிப்படி நேரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தும் கருவியும், கொம்பியென்றால் அதற்கு மேல் இன்னொரு சிக்கன ஏற்பாடும். கையேட்டின் பின்பக்கத்தில் பொறியாளர் அளவுகளை நிரப்பிக் கையொப்பமிட்ட பரிசோதனைப் பக்கம். கட்டட விதிகளுக்கு அமைந்தது என்ற சான்றிதழ், சில கிழமைகளில் தபாலில் வரும். வாடகைக்கு விடும் வீடென்றால் வருடா வருடம் காஸ் பாதுகாப்புப் பரிசோதனையும் சட்டம். சான்றிதழ் வராவிட்டால் பொறியாளரிடம் கேட்டுப் பெறுங்கள்; வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.